மைக்கைக் கொடுத்துட்டு எழுந்திருங்க பாஸ்

கொஞ்ச நாளா ஆணி அதிகம். பதிவுப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க முடியலை. (நீ எழுதலைன்னு இங்க யாரு அழுதான்னு கேட்கும் நல்ல உள்ளங்களுக்கு என் வணக்கங்கள் :-))

இன்னைக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் ஒரு நண்பன். காலேஜ்ல கூடப் படிச்சவன், இப்போ நம்மள மாதிரியே பொட்டி தட்டுறான். "எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு சமுதாய வானொலி இருக்குடா. சனி, ஞாயிறு தன்னார்வலரா போகலாம்னு இருக்கேன். நீதான் ஏற்கெனவே போயிருக்கியே, என்ன சொல்ற?" என்று கேட்டான். "தாராளமா போ மச்சி" என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். வாய் வரலை. யோசிச்சுச் சொல்றேன்டான்னு போனை வெச்சுட்டேன். யோசிச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதல்ல, சமுதாய வானொலின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி முன்கதை. தெரிஞ்சவங்க கொசுவத்தி சுத்துற இடத்துக்கு நேரா தாவிடலாம்.

1995-ல் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வானலைகள் பொதுச்சொத்து, அரசாங்கம் மட்டுமே வெச்சுக்கிட்டு ஏகபோகம் பண்ண முடியாது, அதே மாதிரி காசு இருக்கிறவன் மட்டும் வாங்கிட்டுப் போறதும் சரியில்லை என்பது அதன் சாரம். அதுக்கப்புறமும் நம்ம ஆளுங்க ஆற அமர யோசிச்சு, முதல்ல கல்லூரிகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தாங்க. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தோட அண்ணா எஃப்.எம். 90.4-ல ஆரம்பிச்சது. நாட்டிலேயே முதல் வளாக சமுதாய வானொலி நம்ம சென்னையிலதான். (காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.) தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம்னு கதவு திறந்தது 2006 நவம்பர்ல. இன்னைக்கு நாடு முழுக்க 500-க்கும் மேல இருக்கு.

இதோட விதிகள் சுவாரசியமானவை. கதிர்வீச்சுத் திறன் பொதுவா 100 வாட்டுக்குள்ள இருக்கணும். பழைய குண்டு பல்பு ஒண்ணு எரியுற கணக்கு. ஆன்டெனா 30 மீட்டருக்கு மேல போகக் கூடாது. ஆக, சத்தம் போய்ச் சேருறது மிஞ்சிப் போனா பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர். சொந்தமா செய்தி வாசிக்கக் கூடாது, ஆல் இந்தியா ரேடியோ செய்தியை வேணா அப்படியே எடுத்துப் போட்டுக்கலாம். ஒலிபரப்பின எல்லாத்தையும் மூணு மாசம் பத்திரமா வெச்சிருக்கணும். எல்லாத்தையும் விட முக்கியமான விதி ஒண்ணு: நிகழ்ச்சியில பாதியாவது அந்தப் பகுதி மக்களோட பங்களிப்பில உருவாகணும். இந்த விதியை மட்டும் மனசுல ஓரமா வெச்சுக்கோங்க, பின்னாடி வருவேன்.

சரி, கொசுவத்தியைச் சுத்திடுவோம்.

2021-ல் ஆபீஸ் வீட்டுக்கே வந்துட்ட காலத்துல நான் ஊர்ல இருந்தேன். எங்க ஊர் வடாற்காட்டுப் பக்கம். வீட்டிலிருந்து பைக்ல இருபது நிமிஷத்துல ஒரு சமுதாய வானொலி. ஒரு அறக்கட்டளை நடத்துறது. பேரு வேண்டாம், மேலே படிச்சா ஏன்னு புரியும். ஒரு சனிக்கிழமை சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். சாஃப்ட்வேர்னு சொன்னதும் கையைப் பிடிச்சு உள்ளே இழுத்து உட்கார வெச்சுட்டாங்க. மானிட்டர் ஏன் ஆன் ஆகலைன்னு பார்க்கச் சொன்னாங்க. பவர் கேபிள் கழண்டிருந்தது. மாட்டினேன். அன்னையிலேர்ந்து நான்தான் டெக்னிக்கல் ஆலோசகர். அவ்வ்வ்வ்.

நான் ஈ.சி.இ. படிச்சவன். அதிர்வெண் பண்பேற்றத்தோட சமன்பாட்டைப் பரீட்சையில மூச்சுவிடாம எழுதி மார்க் வாங்கினவன். ஆனா ஒரு டிரான்ஸ்மிட்டரைக் கண்ணால பார்த்தது அங்கேதான். ஆன்டெனா கேபிளை மாட்டாம டிரான்ஸ்மிட்டரை ஆன் பண்ணக் கூடாது, வெளியே போக வழியில்லாத சக்தி திரும்பி வந்து உள்ளே இருக்கிற பொருளையே பொசுக்கிடும் என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பத்தாவது வரை படிச்ச ஒரு அண்ணன். இடி இடிச்சா எதை முதல்ல பிடுங்கணும், கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும்போது எந்த ஸ்விட்சைத் தொடக் கூடாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் படிச்ச நாலு வருஷம் அவர் முன்னாடி ஙே என்று விழித்தது.

மூணாவது வாரமே எனக்கு ஒரு நிகழ்ச்சி கொடுத்துட்டாங்க. ஞாயிறு காலை அரை மணி நேரம், கம்ப்யூட்டர், செல்போன் பத்தி. ஹெட்போன் மாட்டி மைக் முன்னாடி உட்கார்ந்து "வணக்கம் நேயர்களே" சொன்னப்போ கிடைச்ச கிக் இருக்கே... முதல் பதிவுக்கு முதல் பின்னூட்டம் வந்தப்போகூட அது கிடைக்கலை. இன்னும் ரெண்டு பேர் என்னை மாதிரியே வந்தாங்க. ஒருத்தர் பேங்க்ல வேலை, ஒருத்தங்க காலேஜ்ல பாடம் நடத்துறவங்க. சனி, ஞாயிறு ஸ்டூடியோ எங்க மூணு பேர் கையில. நல்ல காரியம் பண்றோம்னு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

அப்புறம் பயிற்சி. சுத்துப்பட்டு மகளிர் குழுக்களிலிருந்து நாலு அக்காங்களைத் தேர்ந்தெடுத்து, நிகழ்ச்சி தயாரிக்கக் கத்துக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. ரெக்கார்டரைப் பிடிக்கிற விதம், வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, காத்து அடிக்கிற பக்கம் முதுகைக் காட்டி நிக்கிறது, பேட்டி முடிஞ்சதும் யாரும் பேசாத வெற்றுச் சத்தத்தை அரை நிமிஷம் பதிவு பண்ணி வெச்சுக்கிறது (எடிட்டிங்ல ஒட்டுப் போட உதவும்), ஆமா, இல்லைன்னு பதில் வர்ற கேள்வியைத் தவிர்க்கிறது, பதிவு பண்ணின கோப்புக்குத் தேதியோட பேரு வைக்கிறது. கடைசியா ஆடாசிட்டியில வெட்டுறது, ஒட்டுறது. நாலு பேர்ல ரெண்டு பேர் மவுஸ் பிடிச்சதே இல்லை. மூணாவது வகுப்புல என்னை விட வேகமா வெட்டினாங்க. துணி தைக்கிறவங்களாம், வெட்ட வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியுதுன்னாங்க.

இங்கதான் நான் செஞ்ச ரெண்டு கிறுக்குத்தனத்தை ஒத்துக்கணும்.

முதலாவது. எங்க பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டைன்னுதான் சொல்வோம். அக்காங்க பேட்டியிலயும் அப்படியே வந்தது. நான் என்ன பண்ணினேன்? வானொலின்னா பொதுத்தமிழ் வேணும்னு "நிலக்கடலை"ன்னு மாத்திப் பேச வெச்சேன். "இன்னாண்ற"வை எல்லாம் "என்ன சொல்கிறீர்கள்" ஆக்கினேன். அவங்களும் பாவம், பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிற மாதிரி பேசினாங்க. எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பெரியவர், நிலையம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கேட்கிறவர். "இன்னா தம்பி, இப்பெல்லாம் மெட்ராஸ் ஸ்டேஷன் மாதிரி ஆயிடுச்சு"ன்னார். பாராட்டுன்னு நினைச்சு சிரிச்சேன். அவரு அதுக்கப்புறம் ரேடியோ வெக்கலைன்னு பின்னாடி அவங்க வீட்டம்மா சொல்லித்தான் தெரிஞ்சது.

ரெண்டாவது இன்னும் மோசம். நாலு பேர்ல ஒரு அக்கா, அவங்கதான் எங்க குழுவுல கெட்டி. கிணறு வத்திப்போய் நிலத்தைக் குத்தகைக்கு விட்ட ஒரு விவசாயியைப் பேட்டி எடுத்துட்டு வந்தாங்க. "கடைசியா எப்போண்ணா கெணத்துல எறங்குனீங்க?"ன்னு ஒரு கேள்வி. அதுக்கப்புறம் ஒன்பது நொடி சத்தமே இல்லை. அப்புறம்தான் பதில். நான் உட்கார்ந்து அழகா அந்த ஒன்பது நொடியை வெட்டித் தூக்கிட்டேன். பின்னாடி இருந்த காத்துச் சத்தத்தையும் வடிகட்டி விட்டேன். அடுத்த நாள் ஒலிபரப்பைக் கேட்டுட்டு அக்கா வந்து கேட்டாங்க: "தம்பி, அவுரு அழுதது எங்க காணோம்?"

எனக்கு அது வெற்று இடம். அலைவடிவத்துல ஒரு தட்டையான கோடு. எதிர்ல உட்கார்ந்து முகத்தைப் பார்த்தவங்களுக்குத்தான் அது என்னன்னு தெரியும். யாரு யாருக்குப் பயிற்சி கொடுக்கிறோம்னு அன்னைக்குத்தான் முதல் தடவையா சந்தேகம் வந்தது.

அதுக்கப்புறம் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டேன். அக்காவோட நிகழ்ச்சியை அவங்க பாணியிலேயே விட்டேன். மல்லாட்டை மல்லாட்டையாவே இருந்தது. அந்த ஆனி மாசம் நடந்ததைச் சொல்லியே ஆகணும்.

மானாவாரி மல்லாட்டைக்குச் சிவப்புக் கம்பளிப் புழு ஒரு எமன். நல்ல மழை பெய்ஞ்ச சில நாள்ல மண்ணுக்குள்ள இருக்கிற கூட்டுப்புழு அந்துப்பூச்சியா வெளியே வந்து முட்டை போடும். புழுவா மாறி வரப்பு தாண்டிக் கூட்டம் கூட்டமா வர ஆரம்பிச்சா ஒரு கொல்லையும் மிச்சமில்லை. அந்துப்பூச்சிக்கு வெளிச்சம்னா மயக்கம். அதனால ராத்திரியில விளக்குப் பொறி வைக்கிறது, தீ மூட்டுறதுன்னு ஒரு வழி இருக்கு. ஆனா நான் மட்டும் என் கொல்லையில கொளுத்தினா பக்கத்துக் கொல்லை பூச்சியெல்லாம் விருந்தாளியா இங்க வரும். எல்லாரும் ஒரே நேரத்துல செய்யணும். செய்யணும்னா எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரியணும்.

மழை பெய்ஞ்ச மூணாம் நாள் காலையில அக்கா தன் மாமனார்கிட்ட, பக்கத்து ஊர் ரெண்டு பெரியவங்ககிட்ட, வேளாண் அலுவலர்கிட்டன்னு பேசிப் பதிவு பண்ணிட்டு வந்தாங்க. மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போட்டோம். "இன்னைக்கு ராத்திரி ஏழரை மணிக்கு, எல்லாரும் அவங்கவங்க கொல்லை மோட்டுல" அப்படின்னு அக்கா குரல். ஏழே முக்காலுக்கு நிலையத்து மொட்டை மாடியில நின்னு பார்த்தேன். முதல்ல ஒண்ணு. அப்புறம் ரெண்டு. அப்புறம் மூணு ஊர்ப் பக்கமும் புள்ளி புள்ளியா தீ. எண்ணலாம்னு பார்த்து விட்டுட்டேன். பூச்சி எவ்வளவு செத்தது, மகசூல் எவ்வளவு மிஞ்சினது என்கிற கணக்கெல்லாம் என்கிட்ட இல்லை. ஆனா 100 வாட்னா என்ன, பத்து கிலோமீட்டர்னா என்னன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சது. சென்னையிலேர்ந்து வர்ற எந்த எஃப்.எம்.-மும் அந்த ராத்திரி அந்த வேலையைச் செஞ்சிருக்க முடியாது. என் கம்ப்யூட்டர் நிகழ்ச்சியும்தான்.

இதுவரைக்கும் வந்தது இனிப்பு. இனி கொஞ்சம் கசப்பு.

அந்த வருஷ ஆண்டு விழா. மேடையில தன்னார்வலர்களுக்கு மரியாதை. எனக்கும் மத்த ரெண்டு பேருக்கும் சால்வை, கேடயம், சான்றிதழ். நாலு அக்காங்க எங்கேன்னு தேடினேன். பின்னாடி விருந்தாளிங்களுக்கு டீ கொடுத்துட்டு இருந்தாங்க. கம்பளிப் புழு அக்கா என் கையிலயும் ஒரு டம்ளரைக் கொடுத்துட்டு "சால்வை நல்லாக்குது தம்பி"ன்னு சிரிச்சாங்க. அதுல கிண்டல் எதுவும் இல்லை. இருந்திருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

அடுத்த மாசம் அந்த அக்கா நின்னுட்டாங்க. ஷூ கம்பெனி வேன் இப்போ அவங்க ஊருக்கும் வருதாம், அதுல ஏறிட்டாங்க. பார்த்துக் கேட்டேன். "ரேடியோ நல்லாத்தான் இருக்குது தம்பி. வாரத்துல ரெண்டு நாள் இங்க வந்தா ரெண்டு நாள் கூலி போவுது. குழுவுல லோன் கட்டணும்ல?" அவ்வளவுதான். கோபமே இல்லாம சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். களை எடுக்கப் போனா அப்போ எங்க பக்கம் ஒரு நாளைக்கு 250 ரூபா. 2021 மே மாசத்திலேர்ந்து டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால பஸ் செலவு இல்லைன்னு நாங்க ரொம்பப் பெருமையா சொல்லிக்குவோம். பஸ் இலவசம். நாள் இலவசம் இல்லையே! எனக்குச் சனிக்கிழமை லீவு. நான் நிலையத்துக்குப் போனாலும் போகாம வீட்டுல மல்லாந்து கிடந்தாலும் மாசக் கடைசியில சம்பளம் வந்துடும். நான் கொடுத்தது மிச்சமான நேரம். அவங்க கொடுத்தது அடுப்பு எரியற காசு. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, தன்னார்வலர். சால்வை மட்டும் எனக்கு.

இதைத்தான் இந்தப் பதிவுல சொல்ல வந்தேன். சமுதாய வானொலியில "தன்னார்வம்" என்கிற வார்த்தையை ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி பயன்படுத்துறது ஒரு மோசடி. தெரிஞ்சு செய்யற மோசடின்னு சொல்லலை, ஆனா மோசடிதான். சம்பளம் வாங்குற நம்மள மாதிரி ஆளுங்க காசு வாங்காம உழைக்கட்டும், ரொம்ப சந்தோஷம். அந்த ஊர்க்காரங்க, அதுவும் தினக்கூலிப் பெண்கள், பயிற்சிக்கு வந்தாலும் நிகழ்ச்சி செஞ்சாலும் அவங்க நாளுக்கு ஒரு தொகை கொடுத்தே ஆகணும். இல்லைன்னா என்ன ஆகும்? விதியில சொன்ன அந்தப் பாதி இருக்கே, மக்களோட பங்களிப்பு, அது பேப்பர்ல இருக்கும். மைக் முன்னாடி நேரம் மிச்சம் இருக்கிறவன் உட்கார்ந்திருப்பான். என்னை மாதிரி.

நிலைய நிர்வாகிகிட்ட இதைக் கேட்டேன். "சேவை மனப்பான்மை இருக்கணும் தம்பி, காசுன்னு ஆரம்பிச்சா எல்லாம் கெட்டுடும்"னார். அவரைக் கெட்டவர்னு காட்டுறது என் நோக்கம் இல்லை. கரண்ட் பில், அலைவரிசைக் கட்டணம், ரிப்பேர்னு அந்த மனுஷன் மாசா மாசம் படுற பாடு எனக்குத் தெரியும். ஆனா அவருக்குச் சம்பளம் உண்டு, அது நியாயமும்கூட. அவரோட சேவை மனப்பான்மை அந்தச் சம்பளத்தால கெட்டுப் போகலையே? அக்காவுக்கு 250 ரூபா கொடுத்தா மட்டும் எப்படிக் கெடும்?

நானே என் கையிலேர்ந்து கொடுக்கலாம்னு அக்காகிட்ட கேட்டும் பார்த்தேன். "நீ ஏன் தம்பி குடுக்கணும்?"னு முகத்துல அடிச்ச மாதிரி கேட்டாங்க. சரியான கேள்வி. நான் கொடுத்தா அது தர்மம். நிலையம் கொடுத்தாத்தான் அது கூலி.

காசுக்கு எங்க போறதுன்னு கேட்பீங்க. நியாயம்தான். ஆனா நான் பார்த்த ரெண்டு பயிற்சி முகாம்லயும் நகரத்துப் பயிற்சியாளருக்கு ரயில் டிக்கெட், லாட்ஜ், சன்மானம் எல்லாம் இருந்தது. பேனர் இருந்தது. சிக்கன் பிரியாணி இருந்தது. கத்துக்க வந்தவங்களுக்கு ஒரு ஃபைல், ஒரு பேனா. அந்த பட்ஜெட்ல முதல் வரியா கத்துக்க வர்றவங்களோட நாள்கூலியை எழுதிட்டு, மிச்சத்துல பேனரைப் பத்தி யோசிக்கலாமே. விளம்பர நேரமும் முன்ன மாதிரி இல்லை. 2024-ல் திருத்தின விதிப்படி மணிக்கு 12 நிமிஷம் வரை விளம்பரம் போடலாம். நகைக்கடை, உரக்கடை, ஸ்கூல் அட்மிஷன்னு உள்ளூர்ல கேட்டா கிடைக்கும். கேட்கப் போறதுக்கு ஆள் வேணும். அதுக்கு நாம போகலாம், அந்த வேலைக்குச் சனிக்கிழமை போதும்.

"வெளிநாட்டுல எல்லாம் முழுக்கத் தன்னார்வலர்களை வெச்சே நடத்துறாங்களே"ன்னு பேங்க் நண்பர் கேட்டார். நடத்துறாங்கதான். அமெரிக்காவில பெர்க்லியில 1949-ல் ஆரம்பிச்ச கே.பி.எஃப்.ஏ. நேயர்கள் கொடுக்கிற சந்தாவிலேயே ஓட ஆரம்பிச்சது. மெல்போர்ன்ல 1976-லிருந்து 3சி.ஆர். இருக்கு, நூத்துக்கணக்கான தன்னார்வலர்கள். ஆனா ஒரு நாள் மைக் முன்னாடி உட்கார்ந்தா அன்னைக்குச் சோறு போகும்ங்கிற நிலைமையில இருக்கிற கூலிப் பெண்களை வெச்சு நாம அந்தக் கணக்கைப் போட முடியாது.

நம்ம நாட்டு உதாரணமே இருக்கு. தெலங்கானாவில ஜகீராபாத் பக்கம் சங்கம் ரேடியோ. தலித் பெண் விவசாயிகள் நடத்துறது. தொண்டு நிறுவனம் மூலமா வந்த நாட்டின் முதல் சமுதாய வானொலி அது, 2008 அக்டோபர் 15-ல் ஒலிபரப்பு ஆரம்பிச்சது. அனுமதி கிடைக்கறதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே அவங்களுக்கு ஸ்டூடியோ இருந்தது. அலைவரிசை இல்லாமலே நிகழ்ச்சி பண்ணிப் பதிவு செஞ்சு வெச்சு, சங்கக் கூட்டங்கள்ல போட்டுக் கேட்டாங்க. அதை நடத்தினவங்க ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மான்னு ஒரே பேரு கொண்ட ரெண்டு பெண்கள். ஒலிபரப்பு நேரம் என்ன தெரியுமா? ராத்திரி ஏழு மணியிலேர்ந்து ஒன்பது வரை. காட்டு வேலை முடிச்சு வீட்டுக்கு வந்த பிறகு. கேட்கிறவங்க நாளைப் பார்த்து நேரம் வெச்சிருக்காங்க. எங்க நிலையத்துல பயிற்சி நேரம் காலை பத்து மணி. எங்களுக்குத் தூங்கி எழுந்து, குளிச்சு, இட்லி சாப்பிட்டு வர அதுதானே வசதி!

நம்ம தமிழ்நாட்டுலயும் பாம்பன்ல கடல் ஓசை இருக்கு. 2016-லிருந்து மீனவர்களுக்காகவே நடக்குது. அங்க போய் ஒரு பட்டணத்துக்காரன் "கடல் நீரோட்டம்"னு பாடம் எடுத்தா எப்படி இருக்கும்? அப்படித்தான் நான் மல்லாட்டைக்காரங்களுக்கு நிலக்கடலை சொல்லிக் கொடுத்தேன்.

சரி, நண்பனுக்கு என்ன பதில்? போடா, கண்டிப்பா போ. ஆனா இதையும் கேட்டுட்டுப் போ:

1. முதல் மூணு மாசம் மைக் பக்கம் போகாதே. கேபிள் சுத்து. பதிவேடு எழுது. மூணு மாசப் பதிவுகளை ஒழுங்கா பேக்கப் எடுத்து வை. அந்த வேலையைத்தான் யாரும் செய்ய மாட்டேங்கறாங்க, நமக்குத்தான் அது சுலபம்.

2. நீ எதைச் செஞ்சாலும் கூட ஒரு ஊர்க்காரரை உட்கார வெச்சுச் செய். செஞ்சதைப் படம் போட்டு, அவங்க பேசுற தமிழ்ல ஒரு பக்கத்துக்கு எழுதிச் சுவத்துல ஒட்டு. நீ இல்லாத அன்னைக்கு சிஸ்டம் தொங்கினா உனக்குப் போன் வரக் கூடாது. போன் வந்தா உன் பயிற்சி தோத்துப் போச்சுன்னு அர்த்தம்.

3. யாரோட பேச்சையும் திருத்தாதே. சத்த அளவைத் திருத்து. ரெக்கார்டிங்ல அமைதியா இருக்கிற இடத்தை வெட்டறதுக்கு முன்னாடி, அங்க என்ன நடந்ததுன்னு பேட்டி எடுத்தவங்களைக் கேளு.

4. போன முதல் நாளே, பயிற்சிக்கு வர்றவங்களுக்கு நாள்கூலி உண்டான்னு கேளு. இல்லைன்னா, அதுக்கு விளம்பரம் பிடிச்சுத் தர்றதை உன் முதல் வேலையா எடுத்துக்கோ.

5. எப்போ கிளம்பப் போறன்னு முதல்லயே ஒரு தேதி சொல்லிடு.

அந்த அக்கா போனப்புறம் விவசாய நிகழ்ச்சி ரெண்டு மாசம் நின்னே போச்சு. எங்க மூணு பேருக்கும் அதைச் செய்யத் தெரியலை. மைக் இருந்தது, நேரம் இருந்தது, குரல்கூட சுமாரா இருந்தது. யாரைக் கேட்கணும், என்ன கேட்கணும்னுதான் தெரியலை. கடைசியில நிர்வாகியே இறங்கி வந்தார். நானும் பேங்க் நண்பரும் ரெண்டு கடை விளம்பரம் பிடிச்சுக் கொடுத்தோம். அதிலேர்ந்து ஒரு நிகழ்ச்சிக்கு 200 ரூபான்னு ஆரம்பிச்சாங்க. கூலிக்குச் சமமில்லை, ஆனா இலவசமும் இல்லை. மிச்சம் மூணு பேர்ல ரெண்டு பேர் இன்னைக்கும் இருக்காங்க. பயிற்சி நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாத்தினாங்க. என் கம்ப்யூட்டர் நிகழ்ச்சி இருந்த ஞாயிறு அரை மணி நேரத்தை அவங்களே எடுத்துக்கிட்டாங்க. ஒரு நேயர்கூட என் நிகழ்ச்சி எங்கேன்னு கேட்கலை என்பதை மிகுந்த தன்னடக்கத்தோடு தெரிவித்துக் கொள்கிறேன் :-)

கம்பளிப் புழு அக்கா திரும்பி வரலை. ஷூ கம்பெனியிலதான் இருக்காங்க. போன ஆனியில ஊருக்குப் போயிருந்தப்போ வேன் ஸ்டாப்ல பார்த்தேன். "மழை பெய்ஞ்சிச்சே, ரேடியோல தீ மூட்டச் சொன்னாங்களா தம்பி?"ன்னு கேட்டாங்க. சொன்னாங்கக்கா, உங்களுக்குப் பதிலா வந்த அக்கா சொன்னாங்கன்னேன். "மல்லாட்டைன்னு சொல்லுச்சா, வேற எதுனா சொல்லுச்சா?" வேன் வந்துடுச்சு, ஏறிட்டாங்க.

மல்லாட்டைன்னுதான்க்கா சொன்னாங்க.

டிஸ்கி: நிலையம் எது, ஊர் எதுன்னு தனிமடல்ல கேட்டு ஆட்டோ அனுப்பாதீங்க. உங்கள்ல யாராவது சமுதாய வானொலியில வேலை பார்த்திருந்தா, உங்க நிலையத்துல உள்ளூர் ஆளுங்களுக்கு என்ன கொடுக்கறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. நான் சொல்றது தப்புன்னா கும்மலாம், தாங்கிக்குவேன்.